சமூக ஊடகமும் உயர்கல்வியின் விளக்கமொழியும்

1. விளக்கமொழி என்பது

இந்தியக் கல்லூரி வகுப்பறையில் பாடம் ஒரு மொழியிலும் விளக்கம் வேறொரு மொழியிலும் நிகழ்வது நெடுநாளைய வழக்கமாகும். பாடநூல் ஆங்கிலத்தில் இருக்கும். ஆசிரியர் அதிலிருந்து ஒரு வரியைப் படிப்பார். படித்ததை மாணவர் பேசும் மொழியில் விரித்துரைப்பார். பின்னர் ஆங்கில வரிக்கே திரும்பி அதனைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளச் சொல்வார். பயிற்றுமொழி ஆங்கிலம் என்று கல்லூரி ஏடுகள் கூறினும், மாணவர் மனத்தில் பொருள் சென்று சேர்வது பெரும்பாலும் இவ்விடைப்பட்ட விரித்துரையின் வழியேயாகும். தமிழ்நாட்டில் தமிழிலும், கருநாடகத்தில் கன்னடத்திலும், உத்தரப்பிரதேசத்தில் இந்தியிலும் இது நாள்தோறும் நிகழ்கிறது. ஆயினும் இதற்கு எழுத்து வடிவம் இருந்ததில்லை. குறிப்பேட்டில் ஏறுவது ஆங்கில வரி. விரித்துரை மணி அடித்ததும் காற்றோடு போய்விடும்.

தமிழ்வழிப் பயிலும் மாணவர்க்கும் இந்நிலை பொருந்தும். அவர்தம் பாடநூல் எழுத்துத் தமிழில் அமைந்தது. ஆசிரியர் விளக்குவது பேச்சுத் தமிழில். இரட்டை வழக்குடைய மொழியில் ஒரே மொழிக்குள்ளும் இத்தகைய பெயர்ப்பு தேவைப்படுகிறது. பாடமொழிக்கும் கற்போர் அறிவுக்கும் இடையே நின்று தொழிற்படும் இப்பேச்சு வகையை ஈண்டு விளக்கமொழி என்று குறிப்பிடலாம்.

சமூக ஊடகங்கள் உயர்கல்விக்குள் நுழைந்தபோது அவற்றின் பயனாகப் பலரும் எடுத்துரைத்தவை வேறு. பாடப்பொருளை விரைவாக அனுப்பலாம், தொலைவில் இருப்போரை இணைக்கலாம், ஆசிரியர் மாணவர் தொடர்பு நெருக்கமாகும் என்பன அவை. இவை உண்மையே. ஆனால் மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் கருத்திற்கொள்ள வேண்டிய மாற்றம் பிறிதொன்று. இதுகாறும் பேச்சாக மட்டுமே நின்ற விளக்கமொழி வகுப்புக் குழுக்களில் பரவலாக எழுத்தில் பதிவாகத் தொடங்கியுள்ளது. இப்பதிவின் இயல்பையும், அது கற்போர்க்கு எவ்வாறு உதவுகிறது, எங்கே கைவிடுகிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

2. குழு வந்த வழி

வலைத்தொடர்பையே கற்றலின் களமாகக் கொள்ளும் கோட்பாட்டுக்கு ஒரு முன்னோடிச் செயல்வடிவம் 2008இல் கனடாவின் மானிட்டோபா பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. ஜார்ஜ் சீமென்ஸ், ஸ்டீபன் டௌன்ஸ் ஆகிய இருவரும் நடத்திய பாடத்தில் கட்டணம் செலுத்திப் பயின்றோர் ஏறத்தாழ 25 பேர். திறந்த வழியில் சேர்ந்தோர் 2,000க்கு மேற்பட்டோர். அறிவு ஆசிரியரிடமிருந்து இறங்கி வருவதன்று, கற்போரிடையே அமையும் இணைப்புகளின் ஊடே உருவாவது என்பது அவர்தம் கொள்கை. இணைக்கப்படுவோர் அனைவரும் ஒரே மொழியில் எழுத வல்லவர் என்பதை அக்கொள்கை ஏறக்குறைய இயல்பாகவே எடுத்துக்கொண்டது எனலாம். இந்தியச் சூழலில் அதுவே முதற்சிக்கலாகும்.

இந்தியாவில் அரசு திட்டமிட்டு அமைத்த வழிகள் வேறாக இருந்தன. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து உருவாக்கிய என்.பி.டி.இ.எல். விரிவுரைகள் யூடியூபின் வழியே பரவின. 2017இல் ஸ்வயம் என்னும் தளம் தொடங்கப்பெற்றது. இவை மேலிருந்து கீழ்நோக்கி வருபவை. சிறந்த ஆசிரியரின் உரையைப் பலர்க்கும் கொண்டு சேர்ப்பவை. வகுப்புக் குழுவோ எவரும் திட்டமிடாமல் வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் சேவை தொடங்கியபின் கைப்பேசி இணையக் கட்டணம் பெரிதும் குறைந்தது. மாணவர் தாமே வாட்ஸ்அப் குழுக்களை அமைத்துக்கொண்டனர். பின்னர் ஆசிரியர் அவற்றில் சேர்க்கப்பட்டனர். 2020 மார்ச்சில் பெருந்தொற்றுக் காரணமாகக் கல்லூரிகள் மூடப்பட்டபோது பல துறைகளில் கைக்கெட்டும் வகுப்பறையாக எஞ்சியது இக்குழுவே.

கணினியன்றிக் கைப்பேசி ஏன் வகுப்பறையாயிற்று என்பதற்குத் தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்று விடை தருகிறது. 2017-18இல் இந்தியக் குடும்பங்களுள் கணினி வைத்திருந்தவை நூற்றுக்கு 11க்கும் குறைவு. ஊர்ப்புறத்தில் நூற்றுக்கு 4.4 மட்டுமே. இணைய வசதியுடைய குடும்பங்கள் நாடு முழுவதும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. உயர்கல்வியில் பயில்வோர் தொகையோ 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 4.33 கோடி. இவருள் பலர் தம் குடும்பத்தில் கல்லூரிக்குச் சென்ற முதல் தலைமுறையினர். பெரிய திரையும் விசைப்பலகையும் வேண்டும் தளங்கள் இவர்க்கு எட்டவில்லை. பேசவும் எழுதவும் படம் பிடிக்கவும் உதவும் சிறு கருவி எட்டியது.

இடையே ஒரு சொல்லாய்வு. தமிழில் இவ்வூடகங்களுக்கு அமைந்த பெயர்களுள் முகநூல் நிலைபெற்றுவிட்டது. புலனம், வலையொளி, கீச்சு ஆகியவை தமிழாசிரியர் வட்டத்திலும் விழா அழைப்பிதழ்களிலும் வழங்குகின்றன; ஆனால் அவற்றைப் பயன்படுத்தும் அதே ஆசிரியர் மாணவரிடம் பேசும்போது 'வாட்ஸ்அப்ல போடுங்க' என்றே கூறுகிறார். முகநூல் மூலச்சொல்லின் இரு கூறுகளையும் நேரே பெயர்த்தது. கேட்டவுடன் எதனைச் சுட்டுகிறது என்பது விளங்கும். புலனம் அவ்வாறு விளங்குவதில்லை. இக்கட்டுரையில் வழங்கும் பெயரே கையாளப்படுகிறது.

3. எழுதப்பட்ட பேச்சு

ரோமன் யாக்கப்சன் 1959இல் மொழிபெயர்ப்பை மூன்றாகப் பகுத்தார். ஒரு மொழிக்குள்ளேயே வேறு சொற்களால் எடுத்துரைத்தல், ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்த்தல், மொழிக்குறிகளை மொழியல்லாத பிற குறியமைப்பாக மாற்றுதல் என்பன அவை. வகுப்புக் குழுவில் இம்மூன்றும் சில மணித்துளிகளுக்குள் அடுத்தடுத்து நிகழ்வதைக் காணலாம். ஆங்கிலப் பத்தியின் படம் ஒன்று வருகிறது; அது தமிழாகிறது; பாடநூல் தமிழ் பேச்சுத் தமிழாகிறது; தாளில் வரைந்த வளைகோட்டின் படம் விடையாக வருகிறது.

இதனை விளக்கப் பொருளியலிலிருந்து ஒரு மாதிரி உரையாடலை அமைத்துக் காட்டலாம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி' என வழங்கும் விதி இங்குப் பொருளாகிறது.

மாணவி: சார், இறுதிநிலைன்னா கடைசியா சாப்பிடற இட்லியா?
ஆசிரியர்: கடைசி இல்லம்மா. இன்னும் ஒண்ணு சாப்பிட்டா எவ்வளவு கூடுதல் திருப்தி வருதோ அது. மூணு சாப்பிட்டாச்சு, நாலாவது எடுக்கறோம்னா, அந்த நாலாவதால வர்ற கூடுதல்.
மற்றொரு மாணவர்: அப்போ ஒவ்வொரு இட்லிக்கும் ஒரு மார்ஜினல் இருக்கா சார்?
ஆசிரியர்: ஆமா. ஒவ்வொண்ணுக்கும் உண்டு. போகப் போகக் குறையும். அதான் விதி.

இதே கருத்து தேர்வுத்தாளில் பின்வருமாறு அமைதல் வேண்டும்: 'ஒரு பண்டத்தின் நுகர்வில் ஓரலகு கூடும்போது மொத்தப் பயன்பாட்டில் ஏற்படும் மாற்றம் இறுதிநிலைப் பயன்பாடு எனப்படும்.'

இரண்டனுக்கும் உள்ள வேறுபாடு சொற்களில் மட்டும் இல்லை. எழுத்துத் தமிழின் வரையறை 'என்பது', 'எனப்படும்' ஆகியவற்றால் முடிகிறது. விளக்கமொழியில் அப்பணியை 'என்றால்' என்பதன் சிதைந்த வடிவமாகிய '-ன்னா' செய்கிறது. நிபந்தனைப் பொருளில் வந்த வடிவம் வரையறைப் பொருளைத் தாங்குகிறது. வினா எழுப்பும்போதும் அதே வடிவம், விடை கூறும்போதும் அதே வடிவம். ஆகவே கேள்வியும் வரையறையும் ஒரே வாய்பாட்டில் இயங்குகின்றன.

தொடரமைப்பில் இதனினும் முதன்மையான மாற்றம் நிகழ்கிறது. ஆங்கில வரையறையில் தலைமைப் பெயர் முதலில் வந்து அடைகள் பின்தொடரும். எழுத்துத் தமிழில் அடைகள் அனைத்தும் பெயரெச்சங்களாகவும் வேற்றுமைத் தொடர்களாகவும் முன்னே அடுக்கப்பட்டுத் தலைமைப் பெயராகிய 'மாற்றம்' இறுதியில் வரும். அதுவரை கற்பவர் எல்லாவற்றையும் நினைவில் தாங்கி நிற்க வேண்டும். விளக்கமொழி இச்சுமையைப் பிரித்துவிடுகிறது. 'எவ்வளவு கூடுதல் திருப்தி வருதோ அது' என்னும் தொடரில் முதற்பகுதி வினைமுற்றோடு தானே நிறைவு பெறுகிறது. 'அது' என்னும் சுட்டு அதனை ஒரு பெயராக எடுத்துக்கொள்கிறது. ஆங்கிலப் பாடநூலைத் தமிழில் பெயர்ப்போர் நீண்ட பெயரெச்ச அடுக்குகளைத் தவிர்க்க இவ்வமைப்பைப் பயன்படுத்தலாம். 'எவ்வளவு வருகிறதோ அது' என எழுத்து வழக்கிலும் இது பிழையற்ற தொடரே. ஆயினும் மொழிபெயர்ப்பு நூல்களில் இது அருகியே காணப்படுகிறது. ஆங்கிலத் தொடரின் ஒரு பெயர்த்தொடருக்குத் தமிழிலும் ஒரு பெயர்த்தொடரே ஈடாக வேண்டும் என்ற எண்ணம் இதற்குக் காரணமாகலாம்.

மாணவியின் முதல் வினா கலைச்சொல்லாக்கத்தைப் பற்றியும் ஒன்று கூறுகிறது. 'இறுதிநிலை' என்னும் சொல்லைப் படிப்பவர் அதன் நேர்ப்பொருளால் கடைசி அலகு என்றே கொள்வர். கருத்தோ, எந்த நிலையிலும் மேலும் ஒன்று கூடும்போது நிகழும் மாற்றம் பற்றியது. இலங்கைத் தமிழ்ப் பொருளியல் நூல்களில் இது எல்லைப் பயன்பாடு எனப்படுகிறது. இந்தியில் சீமாந்த் என்னும் சொல் வழங்குகிறது. அதுவும் எல்லையைக் குறிப்பதே. ஜெர்மானிய மொழியிலும் எல்லை எனப் பொருள்படும் சொல்லைக் கொண்டே இக்கருத்து குறிக்கப்பட்டது. எல்லை என்பது நகரக்கூடியது; நான்காவது இட்லியிலும் இருக்கலாம், ஐந்தாவதிலும் இருக்கலாம். இறுதி நகராது. நிலைபெற்ற சொல்லை இதனால் மாற்றிவிடுதல் வேண்டும் என்பது கருத்தன்று. பல பதிப்புகளில் ஊன்றிய சொல்லை மாற்றுவதால் விளையும் குழப்பம் பெரிது. ஆனால் இச்சொல்லை ஆளும் பாடநூல் அதனை அறிமுகம் செய்யும் இடத்திலேயே 'கடைசி அலகு என்று கொள்ளற்க' என ஒரு வரி எழுதியிருப்பின் அவ்வினா எழுந்திராது.

இரண்டாம் மாணவரின் கூற்று மேலும் நோக்கத்தக்கது. அவர் 'மார்ஜினல்' என்னும் ஆங்கிலப் பெயரடையைத் தனிப்பெயராகக் கொண்டு 'ஒவ்வொரு இட்லிக்கும் ஒரு மார்ஜினல்' என்கிறார். மொழிக்கலப்பு என்று இதனை ஒதுக்குவோர் உளர். ஆனால் ஆசிரியர் கூறாத ஒரு முடிவை, ஆசிரியர் ஆளாத சொல்லால் அவர் தாமே கூறியிருக்கிறார். பாடம் விளங்கிற்று என்பதற்கு இதனினும் வலிய சான்று வேறில்லை. வகுப்பில் இது நிகழ்ந்திருப்பின் ஆசிரியர் செவியில் மட்டுமே விழுந்திருக்கும். பின்வரிசையில் இருந்தவர்க்கு எட்டியிராது. குழுவில் அது அறுபது பேர் கண்முன் நிற்கிறது.

பேச்சுத் தமிழை எழுதுவது புதிதன்று. சிறுகதை, புதின உரையாடல்களிலும் திரைப்பட வசனங்களிலும் அது நெடுங்காலமாக எழுதப்பட்டு வருகிறது. ஆனால் அங்கெல்லாம் பேச்சு ஒரு மனிதரைக் காட்டுவதற்காக எழுதப்படுகிறது. அவர் எவ்வூரார், எவ்வயதினர், எம்மனநிலையினர் என்பது அதனால் புலனாகிறது. அருவமான கருத்தொன்றை விளக்கும் பொருட்டுப் பேச்சுத் தமிழை எழுதும் வழக்கம் இவ்வளவு பரவலாக முன்பு இருந்ததில்லை. இதற்கு நிலைத்த எழுத்துக்கூட்டும் இல்லை. வர்ற, வர, வற்ற என ஒரே வடிவம் மூவிதமாக எழுதப்படுகிறது. சாப்பிடற, சாப்பிடுற, சாப்புடுற என்பனவும் அவ்வாறே. சொல்லிறுதியில் மூக்கொலியாக மாறும் உயிர்களை எழுத வழியின்றிச் சிலர் மெய்யெழுத்தை வைத்தும் சிலர் விட்டும் எழுதுகின்றனர்.

4. வரிவடிவமும் குரற்செய்தியும்

மேற்காட்டிய உரையாடல் தமிழெழுத்தில் அமைந்தது. நடைமுறையில் பல குழுக்களில் தமிழ் உரோமன் எழுத்தில் எழுதப்படுகிறது. தொடக்ககாலக் கைப்பேசிகள் பலவற்றில் தமிழெழுத்து இல்லாமையால் குறுஞ்செய்தி வழியே உருவான பழக்கம் இது. ஒருங்குறியில் தமிழுக்கு 1991இலேயே இடம் அமைந்துவிட்டது. பின்னர் வந்த கைப்பேசிகளில் தமிழ் விசைப்பலகை எளிதில் கிடைக்கிறது. எனினும் பழக்கம் மாறவில்லை.

உரோமன் எழுத்தில் தமிழ் எழுதுவோர்க்கிடையே பொது மரபு இல்லை. ல, ள, ழ ஆகிய மூன்றும், ர, ற இரண்டும், ண, ந, ன மூன்றும் வேறுபாடின்றி வருகின்றன. பொருளியல் பாடத்தில் விலையும் விளைவும் அடிக்கடி வருபவை. உரோமன் எழுத்தில் இவற்றின் நடுமெய் ஒன்றாகிவிடுகிறது. படிப்பவர் சூழலால் பொருளுணர்ந்துகொள்வர். சிக்கல் எழுவது தேடும்போதுதான். சென்ற மாதம் ஆசிரியர் அளித்த விளக்கத்தைத் தேர்வுக்கு முன்னாள் இரவில் தேடும் மாணவர், அவர் அச்சொல்லை எவ்வாறு எழுதியிருந்தார் என்பதை அறிந்தாலன்றிக் கண்டுபிடிக்க இயலாது. ஆகவே தமிழெழுத்தில் எழுதுமாறு மாணவரைத் தூண்டுவதற்கு மொழிப்பற்றையன்றி இப்பயனையே காரணமாகக் காட்டுவது நன்று.

குரற்செய்தியின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. ஆசிரியர் பலர் தட்டெழுத நேரமின்றி ஐந்து மணித்துளி பேசி அனுப்பிவிடுகின்றனர். ஏற்ற இறக்கமும் அழுத்தமும் உடைய குரல் விளக்கத்துக்கு மிகவும் உகந்தது. அச்சத்தால் எழுதத் தயங்கும் மாணவரும் தனியே குரலில் கேட்கத் துணிகின்றனர். ஆனால் அதனைப் புரட்ட இயலாது. தேவைப்படும் ஒரு வரிக்காக முழுவதையும் கேட்க வேண்டும். குரற்செய்தியை அனுப்பும் ஆசிரியர் அதன் கீழே அதில் வரும் கலைச்சொற்கள் மூன்றினைத் தமிழெழுத்தில் தட்டெழுதினாலே போதும். தேடுவார்க்கு அது ஒரு கைகாட்டியாகும்.

5. குழுவில் பேசாதோர்

குழு அனைவர்க்கும் பொதுவென்று தோன்றினும் அதில் எழுதுவோர் சிலரே. இதற்கு மொழி ஒரு காரணம், அமைப்பு மற்றொரு காரணம்.

வாட்ஸ்அப் குழுவில் சேர்பவரின் தொலைபேசி எண் பிற உறுப்பினர் அனைவர்க்கும் தெரிவது நெடுங்காலமாக அதன் இயல்பாக இருந்து வந்துள்ளது. வகுப்புத் தோழர் நாற்பது பேர் தம் எண்ணை அறிவதை விரும்பாத மாணவியர், அல்லது அவர்தம் வீட்டார், குழுவில் சேர்வதையே தவிர்க்கின்றனர். இல்லையேல் தந்தை அல்லது உடன்பிறந்தான் எண்ணைத் தருகின்றனர். பின்னதில் மாணவி கேட்கும் ஒவ்வொரு வினாவும் வீட்டார் பார்வையின் வழியே செல்கிறது. டெலிகிராமில் எண்ணை மறைத்துப் பெயரால் மட்டும் பங்கேற்க வழியுண்டு. பின்னர் சேர்ந்தவர் முன்னைய செய்திகளைப் படிக்கும் வகையிலும் குழுவை அமைக்கலாம். எந்த ஊடகத்தைத் தேர்வது என்பது இவ்வகையில் ஆசிரியரின் வசதியைப் பொறுத்ததன்று. யார் பேச இயலும் என்பதை அது முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது.

2018இல் வாட்ஸ்அப், குழு நடத்துநர் மட்டுமே எழுதும் வகையில் குழுவை அமைக்க வழி செய்தது. வாழ்த்துப் படங்களாலும் வீண் செய்திகளாலும் அலுத்த துறைத்தலைவர்கள் இதனை வரவேற்றனர். கட்டண அறிவிப்பும் தேர்வுக் கால அட்டவணையும் தவறாது சென்று சேர்ந்தன. வினாக்கள் நின்றுபோயின. அறிவிப்புக்கு ஒரு குழுவும் பாடத்துக்கு மற்றொரு குழுவும் என இரண்டாகப் பிரித்திருந்தால் இவ்விழப்பு நேர்ந்திராது.

பன்மொழி வகுப்புகளில் சிக்கல் மேலும் கூர்மையடைகிறது. மையப் பல்கலைக்கழகம் ஒன்றின் குழுவில் தமிழரும் மலையாளியரும் போச்புரி, சந்தாலி பேசுவோரும் இருக்கக்கூடும். அங்கே விளக்கமொழி இந்தியாகவோ எளிய ஆங்கிலமாகவோ அமைந்துவிடுகிறது. போச்புரி பேசும் மாணவர்க்கு வகுப்பில் வழங்கும் இந்தியே ஒரு பாடமொழிதான். இத்தகையோர் தம் மொழியினர் நால்வர் ஐவரைக் கொண்டு ஒரு சிறு குழுவை அமைத்து, பெரிய குழுவின் செய்திகளை அங்கே பெயர்த்துக்கொள்வது உண்டு. ஆசிரியர் இதனை அறிவதில்லை; அறிந்தாலும் அதனைக் கலைக்க முற்படாதிருத்தல் நலம். ஊதியமும் பெயரும் இன்றி நிகழும் மொழிபெயர்ப்புப் பணி அது.

6. தேர்வுமொழிக்குத் திரும்புதல்

விளக்கமொழி கருத்தைப் புரியவைக்கிறது. தேர்வோ பாடமொழியில் எழுதப்பட வேண்டியிருக்கிறது. குழுவில் நன்கு உணர்ந்து உரையாடிய மாணவர் விடைத்தாளில் 'போகப் போகக் குறையும்' என்று எழுதினால் மதிப்பெண் குறைகிறது. குழுவில் ஒருமுறையும் எழுதாது ஆங்கில வரையறையை மனப்பாடம் செய்தவர் முழு மதிப்பெண் பெறுகிறார். இந்நிலையில் முதலாமவர் அடுத்த தேர்வுக்குள் தாமும் மனப்பாடத்துக்கே மாறிவிடுவது இயல்பு. சமூக ஊடகத்தால் கற்றல் வளர்ந்ததா என்று வினவுவோர் இவ்விடத்தையே முதலில் நோக்குதல் வேண்டும்.

சொந்தச் சொற்களில் எழுதும் பயிற்சியின்றிப் பொதுவெளியில் எழுதப் பணிக்கப்பட்ட மாணவர் நிலையை 2011இல் புனேயில் நிகழ்ந்த ஒரு முயற்சி காட்டிற்று. விக்கிமீடியா அறக்கட்டளையின் கல்வித் திட்டத்தின்கீழ் அந்நகரக் கல்லூரிகள் சிலவற்றின் மாணவர், தம் பாடப்பொருள் பற்றி ஆங்கில விக்கிப்பீடியாவில் கட்டுரைகள் எழுதினர். நூல்களிலிருந்தும் வலைத்தளங்களிலிருந்தும் அப்படியே படியெடுத்த பகுதிகள் பெருமளவில் வந்து சேர்ந்தன. அவற்றைக் கண்டறிந்து நீக்கும் பணி தன்னார்வத் தொகுப்பாளர்க்குப் பெருஞ்சுமையாயிற்று. அவ்வாண்டு முடிவதற்குள் முயற்சி நிறுத்தப்பட்டது. பதிப்புரிமை பற்றிய அறியாமை இதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. அது மட்டுமே காரணம் என்று கொள்வதற்கில்லை. கலைக்களஞ்சிய நடை ஆங்கிலத்தில் தனியொரு வழக்கு. அவ்வழக்கில் தாமாக ஒரு தொடரை அமைக்கும் பயிற்சியை வகுப்பறை அவர்க்கு அளித்ததில்லை. புரிந்ததைக் கூற மொழியில்லாதவர்க்கு இரவல் தொடரே கைகொடுக்கும்.

விளக்கமொழியிலிருந்து தேர்வுமொழிக்கு ஒரு படிக்கட்டு தேவைப்படுகிறது. குழுவில் நிகழ்ந்த உரையாடல் ஒன்றை மறுநாள் வகுப்பில் ஆசிரியர் எடுத்துக்கொள்ளலாம். 'ஒவ்வொரு இட்லிக்கும் ஒரு மார்ஜினல்' என்ற தொடரைக் கரும்பலகையில் எழுதி, இட்லி என்னுமிடத்தில் எச்சொல் வரவேண்டும் என்று கேட்கலாம். 'அலகு' என்ற விடை வரும். பின் 'மார்ஜினல்' என்னுமிடத்தில் முழுக் கலைச்சொல். பின் 'இருக்கு' என்பதன் இடத்தில் எழுத்து வழக்கின் பயனிலை. அதன்பின் அதே தொடர் ஆங்கிலத்தில். ஒரே கருத்து நான்கு உடைகளை மாற்றிக்கொள்வதை மாணவர் காண்கின்றனர். பத்து மணித்துளிக்குள் முடியும் பயிற்சி இது. மொழிபெயர்ப்புத் துறையில் பட்டம் பயில்வோர்க்கு அளிக்கும் பயிற்சிக்கும் இதற்கும் வகையில் வேறுபாடில்லை.

ஆசிரியரின் உழைப்பு இதனால் கூடுகிறது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. இரவு பதினொரு மணிக்கு வரும் வினாவுக்கு அப்போதே விடை எதிர்பார்க்கப்படுகிறது. பாடவேளைக் கணக்கில் அது இடம்பெறுவதில்லை. இன்ன நேரத்திற்குள் வரும் வினாக்களுக்கே அன்று விடை என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடும் ஆசிரியர், இடைப்பட்ட நேரத்தில் மாணவர் ஒருவர்க்கொருவர் விடை கூறிக்கொள்ளும் வாய்ப்பையும் உண்டாக்குகிறார்.

7. தொகுக்கப்படாத தரவு

1991இல் மைய அரசின் மின்னணுவியல் துறை இந்திய மொழிகளுக்கான தொழில்நுட்ப வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. அதன்கீழ்த் தமிழ் உள்ளிட்ட தென்னக மொழிகளுக்குரிய சொற்றொகுதியை உருவாக்கும் பணி மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தில் நடைபெற்றது. மொழி ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 30 லட்சம் சொற்கள் அச்சிடப்பட்ட நூல்களிலிருந்து திரட்டப்பட்டன. விளக்கமொழி அத்தகைய தொகுதிக்குள் வர வழியில்லை. அது அச்சேறியதே இல்லை.

கலைச்சொல்லாக்கத்துக்கு 1961இல் அமைந்த அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையமும், அறிவு நூல்களை இந்திய மொழிகளில் பெயர்க்க 2008இல் தொடங்கிய தேசிய மொழிபெயர்ப்புப் பணியும் வல்லுநர் குழுவிலிருந்து நூலுக்கும், நூலிலிருந்து வகுப்புக்கும் சொற்களை அனுப்புகின்றன. சொல் எவ்விடத்தில் தடுக்கிற்று, மாணவர் அதனை எவ்வாறு தவறாகக் கொண்டனர், ஆசிரியர் எச்சொல்லால் அதனை ஈடுசெய்தார் என்னும் செய்தி எதிர்த்திசையில் வந்துசேரும் வழி மிகவும் குறுகியது. வகுப்புக் குழு அச்செய்தியை நாள்தோறும் தன்னுள் கொண்டிருக்கிறது. பருவம் முடிந்ததும் குழு ஓய்கிறது. மாணவர் கைப்பேசியை மாற்றுகின்றனர். இடம் போதாமையால் பழைய செய்திகளை அழிக்கின்றனர். அடுத்த ஆண்டு மற்றொரு மாணவி 'கடைசி இட்லியா' என்று கேட்கிறாள். ஆசிரியர் முதலிலிருந்து தொடங்குகிறார்.

குழுச் செய்திகளை முழுமையாக அள்ளிச் சேர்த்துத் தரவாக்குவது இதற்குத் தீர்வாகாது. அவை தனிமனிதர் எழுதியவை. பெயரும் எண்ணும் தாங்கியவை. தம் பிழைகள் வெளியார் கண்ணுக்குச் செல்லும் என்றறிந்தால் மாணவர் எழுதுவதையே நிறுத்திவிடுவர். 2023இல் இயற்றப்பட்ட எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒப்புதலை வலியுறுத்துகிறது. ஆசிரியர் தாமே, மாணவரின் இசைவைப் பெற்று, பெயர்களை நீக்கி, பருவத்துக்குப் பத்து அல்லது பன்னிரண்டு உரையாடல்களை மட்டும் எடுத்து வைப்பது இயலக்கூடியது. ஒவ்வொன்றிலும் நான்கு கூறுகள் இருந்தால் போதும்: பாடநூலின் தொடர், மாணவரின் வினா, ஆசிரியரின் விளக்கம், அவ்விளக்கத்தைக் கேட்டபின் மாணவர் ஒருவர் தம் சொற்களில் கூறியது. இந்நான்கனுள் கலைச்சொல் அகராதி தொகுப்போர்க்கு இரண்டாவதும், பாடநூலை மொழிபெயர்ப்போர்க்கு மூன்றாவதும் பெரிதும் பயன்படும். நான்காவது எங்கும் கிடைக்காதது. உரையாடல் நிகழ்ந்த அன்றே எடுத்து வைக்காவிடில் அது மேலே ஏறும் செய்திகளுக்குள் மறைந்துவிடும்.